எடுக்க மறந்த ஒரு நொடி

தான் உருவாக்கிய கணினி மொழி, எதை மூடச் சொன்னாலும் ஒரு நொடி தயங்கும் வழக்கத்தைப் புதிய பதிப்பில் எடுத்துவிடப் போவதாக எழிலன் சொன்னார். என்றைக்கோ சோதனைக்காக வைத்து, எடுக்க மறந்துபோனது அது. எதிரே இருந்த, அவரிடம் வேலை பார்க்கும் மெர்லின் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"ஊர்ல பாதி லிஃப்ட் நம்ம மொழியிலதான் ஓடுது சார். அந்த ஒரு நொடியிலதான் ஆளுங்க முழுசா உள்ள வர்றாங்க. எடுத்தா கதவு ஆள் மேலயே மூடும்."

"அது என் தப்பும்மா. அதைத் திருத்தக்கூட எனக்கு உரிமை இல்லையா?"

"இப்ப அது உங்களுது இல்ல சார்."

அவர் எழுந்து போய், லிஃப்டுக்குள் நின்று கதவை மூடும் பொத்தானை அழுத்தினார். கதவு உடனே மூடவில்லை. வெளியே வந்துவிடலாமா என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் மூடிக்கொண்டது.