அரையால் வகுத்த ரொட்டி

ஸ்ஃபாக்ஸ் நகர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இன்று ஹனீனுக்கு மாதிரிப் பாடம். பிள்ளைகளாக நடிக்கும் சக பயிற்சி மாணவர்களில் மீசைக்கார முன்ஸிஃப் மழலைக் குரலில் கேட்கிறான்: "டீச்சர், மூணை அரையால வகுத்தா ஆறுங்கிறீங்க. வகுத்தா குறையணும்ல?" வகுப்பு சிரிக்கிறது. தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்ற விதி ஹனீனுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. மதிப்பெண் போட வந்த சுஆத் அம்மையாரின் பேனா காத்திருக்கிறது. ஹனீன் தன் மதியச் சாப்பாட்டு ரொட்டிகள் மூன்றையும் வெளியே எடுக்கிறாள். "எனக்கும் தெரியலப்பா. ஆளுக்குப் பாதி குடுத்தா எத்தனை பேருக்கு வருதுன்னு பாப்போமா?" ஜன்னல் வெயிலில் மாவுத்தூள் பறக்கிறது. ஆறாவது பாதி முன்ஸிஃபின் கைக்கு வருகிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "அப்போ கால்வாசியா குடுத்தா?" இப்போது அவனுடைய சொந்தக் குரல். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சுஆத் அம்மையார் பேனாவை வைத்துவிட்டு, அவன் கையிலிருக்கும் பாதியை வாங்கி இரண்டாகப் பிய்க்கிறார்.