பதினொரு மணிச் செய்தி

காலை பதினொன்று. கசார்வாடிப் பட்டறையில் ஹபீபுல்லா லேத்தை நிறுத்திவிட்டு இயர்போனை மாட்டிக்கொள்கிறார். வெளிநாட்டு அரசு வானொலி ஒன்றின் இணையதளத்தில் அவர் மகள் அர்ஃபா தமிழ்ச் செய்தி வாசிக்கும் நேரம். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவளோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை. குரலை மட்டும் தினமும் கேட்கிறார். இன்று போன் திரை வெள்ளையாக இருக்கிறது. அரசு உத்தரவுப்படி இந்தத் தளம் முடக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எண்ணெய்ப் பிசுக்கு விரலால் மறுபடி தொடுகிறார். அதே வரி. டீ கொண்டுவந்த மனைவி சபூரா எட்டிப் பார்க்கிறாள். “சைட்டத்தான பூட்டிருக்கான், உங்க வாயையுமா? அவ நம்பர் தாரேன், பேசுங்களேன்.” தகரக் கூரை ஓட்டையில் விழும் வெயில் டீயில் ஆடை கட்டுவதைக் காட்டுகிறது. வழக்கமாகச் செய்தி ஓடும் பத்து நிமிடமும் இயர்போனைக் கழற்றாமல் இருக்கிறார். பிறகு லேத்தைப் போடுகிறார்.