சிவப்பு மூடி

மூன்றாவது முறையும் அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தான் கிளைட். உள்ளே எந்த அசைவும் இல்லை. ஜன்னல்களில் பொட்டு வெளிச்சம் கிடையாது. காலையிலிருந்து கொட்டிய பனியில் ஒரு காலடித் தடம்கூடக் கிடையாது.

கதவைத் தட்டிப் பார்த்தான். தடித்த கையுறையோடு தட்டியது, அடிக்கிற காற்றில் அவனுக்கே கேட்கவில்லை.

வீடுகளின் ஹீட்டருக்கு எண்ணெய் ஊற்றும் தன் லாரிக்குத் திரும்பி ரேடியோவை எடுத்தான். "ரொவீனா, ஹாஸ்கெல் வீட்டு வாசல்ல நிக்கறேன். யாரும் திறக்கல. வீடு இருட்டா கிடக்கு."

"அங்க எதுக்குப் போனே? அவங்க பேரு இன்னிக்கு லிஸ்ட்லயே இல்லையே," என்றாள் கம்பெனி அலுவலகத்திலிருந்த ரொவீனா.

"அதான் பயமா இருக்கு. ஜனவரி முடியப் போகுது, இந்தக் குளிர் பூரா அவங்க ஒரு சொட்டு எண்ணெய் கேக்கல. நூத்தி முப்பது வருஷத்து வீடு, சுவரெல்லாம் சல்லடை. ஹீட்டர் ஓடாம வயசான ரெண்டு பேரும் எப்படி இருப்பாங்க?"

"வேற கம்பெனில வாங்கியிருப்பாங்க, விடு."

"யாரு, ஹார்லன் ஹாஸ்கெலா? முடி வெட்டற ஆளைக்கூட நாப்பது வருஷமா மாத்தாத மனுஷன். அந்த ஆளுக்குக் கை நடுங்குது, இவரு காதே அறுந்தாலும் அங்கதான் போவாரு."

ரொவீனா சிரிக்கவில்லை. "ஷெரிஃப் ஆபீசுக்குச் சொல்றேன். இந்தப் பனியில அவங்க வர ஒரு மணி நேரம் ஆகும். நீ ஏமஸை நினைச்சுக்கிட்டு எதையாவது செஞ்சு வைக்காதே, கிளைட். திரும்பி வா."

இரண்டு வருடங்களுக்கு முன்பும் அவள் அதையேதான் சொன்னாள். அவனும் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனான். இதே சாலையின் கோடியில் இருந்த கிழவர் ஏமஸை, மூன்று நாள் கழித்துச் சமையலறை நாற்காலியில் விறைத்துப்போன நிலையில் கண்டார்கள். தொட்டியில் எண்ணெய் தீர்ந்திருந்தது.

ஊரில் ஒருவரும் கிளைடைக் குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"இந்தத் தடவை முடியாது," என்று ரேடியோவை அணைத்தான். கதவு திறக்கும்போது தொட்டியாவது நிறைந்திருக்கட்டும், உள்ளே போன உடனே ஹீட்டரைக் கிளப்பிவிடலாம் என்பது அவன் கணக்கு.

இடுப்பளவு பனியில் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனான். நிலவறைத் தொட்டிக்குள் இறங்கும் இரும்புக் குழாயும் அதன் சிவப்பு மூடியும் எப்போதும்போல் கிழக்குச் சுவரில் இருந்தன. மூடியைத் திருகி எடுத்து, ரப்பர் குழாயை மாட்டித் திறந்துவிட்டான்.

இந்த வேலைக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். தொட்டிக்குள் எண்ணெய் இறங்க இறங்க, உள்ளே இருக்கும் காற்று பக்கத்துக் குழாய் வழியாக விசிலடித்துக்கொண்டு வெளியே வரும். விசில் நின்றால் தொட்டி நிறைந்துவிட்டது. விசிலே வராவிட்டால் அந்தக் கணமே மூடிவிட வேண்டும் என்பது முதல் நாள் பாடம்.

கிளைட் குல்லாயைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக் கேட்டான். மெல்லியதாக, நீளமாக விசில் கேட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

நூற்றைம்பது கேலன் உள்ளே போயிற்று. அவன் மூடிய பிறகும் விசில் நிற்கவில்லை. இன்றைக்குக் காற்று ரொம்பத்தான் அடிக்கிறது என்று முணுமுணுத்தபடி குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, கதவை ஓங்கி உதைத்தான்.

நாலாவது உதைக்குத் தாழ்ப்பாள் விலகியது. இரண்டு கோட்டும் அதற்குமேல் ஒரு கம்பளியுமாக, மூக்கு சிவந்து மிஸஸ் ஹாஸ்கெல் நின்றிருந்தாள். உயிரோடு நின்றிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல் இருந்தது அவனுக்கு.

"ஏம்ப்பா, கதவைப் பேத்துடுவே போலிருக்கே. மணி அடிக்கக் கூடாதா?"

"மூணு தடவை அடிச்சேனே."

"காலையிலேர்ந்து கரண்ட் இல்ல, மணி எங்கேர்ந்து அடிக்கும்? பின்கட்டுல ரெண்டு பேரும் மூணு கம்பளிக்குள்ள சுருண்டு கிடந்தோம். ஒரு வாரமா ஜலதோஷம் வேற, ரெண்டு பேருக்கும் மூக்கடைச்சு ஒரு வாடையும் தெரியல. ஆமா, நீ எங்க இந்தப் பக்கம்?"

"நீங்க இந்த வருஷம் எண்ணெயே கேக்கலியா, பயந்துட்டேன். இப்பதான் நூத்தம்பது கேலன் ஊத்திட்டு வரேன். இனிமே கவலை இல்ல, தொட்டியில..."

"எந்தத் தொட்டி?" என்றாள் அவள். "அதை அக்டோபர்லயே வெட்டி எடுத்துட்டுப் போயாச்சே. இப்ப எங்களுக்குக் கரண்ட்லதான் ஹீட்டர். வெளிய நிக்கற வெறுங்குழாய் ரெண்டையும் பனி கரைஞ்சதும் நானே பிடுங்கிக்கறேன்னு ஹார்லன்தான் விட்டு வச்சாரு."

அவளுக்குப் பின்னால் இருட்டாகக் கிடந்த நடையிலிருந்து எண்ணெய் வாடை மெல்ல வந்து கிளைடின் முகத்தில் பட்டது. நடையின் கோடியில் நிலவறைக் கதவு திறந்திருந்தது.

"ஹார்லன் எங்க?" என்றான்.

"குளிர் தாங்கலைன்னு, கீழ இருக்கற பழைய விறகு அடுப்பை மூட்டறேன்னாரு," என்றாள் மிஸஸ் ஹாஸ்கெல், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "தீப்பெட்டியோட இப்பதான் இறங்கினாரு."