இரண்டாவது ஆமென்

திருப்பூரில் அந்தச் சபைக்கு ஞாயிறுதோறும் புது முகங்கள் வந்துகொண்டிருந்தன. வாசலில் நின்று அவர்களை வரவேற்பது ரூபாவதியின் பொறுப்பு. பனியன் கம்பெனி வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த சுசீலா அன்று தனியாக வந்தாள். "வா கண்ணு" என்பதற்குமேல் அவளிடம் என்ன பேசுவதென்று ரூபாவதிக்குத் தெரியவில்லை. கடைசி பெஞ்சில் அவளோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆராதனை முழுக்க சுசீலா வாசலையே பார்த்தாள். எல்லோரும் எழுந்து, எந்த ஊர்ச் சபையிலும் சொல்லப்படும் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கியபோதுதான் அவள் முகம் தெளிந்தது. கண்ணை மூடி, தன் மொழியில் அதையே சொன்னாள். சபை ஆமென் என்று முடித்த பிறகும் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பல தலைகள் திரும்பின. பாதியில் நிறுத்திவிட்டுப் பையை எடுத்தாள்.

ரூபாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சபை நடுவே ஒருநாளும் குரல் உயர்த்தாதவள், உரக்கச் சொன்னாள்: "ஐயா, கொஞ்சம் இருங்க. இந்தப் புள்ள இன்னும் முடிக்கலீங்க."

போதகர் மறுபடி கண்களை மூடினார். சபையாரும் மூடிக்கொண்டார்கள். சுசீலா மீதியைச் சொல்லி முடிக்கும்வரை ஓர் இருமல்கூட எழவில்லை. பிறகு எல்லோரும் இன்னொரு முறை ஆமென் சொன்னார்கள்.