காய் பேர் தெரியாதவன்

வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்தச் செய்தியைப் படித்ததும் அவன் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

'மந்திரிய எடுத்த எடுப்புலயே தெருவுக்கு இழுத்துட்டு வந்தா, கண்டவனும் அடிப்பான்.'

புது எண். பேர் இல்லை. படம் இல்லை. காலையில்தான் லிங்க் வழியாகக் குழுவுக்குள் வந்திருந்தது.

செஸ் குழு விழுந்து விழுந்து சிரித்தது. அங்கே எல்லோருக்கும் மந்திரி என்றால் குறுக்கே போகிற பிஷப். அதை முதலில் எடுக்காமல் கடைசியிலா எடுப்பது என்று ஒருவன் கேட்டான். பிஷப்பை ஆரம்பத்திலேயே இறக்கி இத்தாலியன் ஓபனிங் ஆடுகிற கிராண்ட்மாஸ்டர்கள் எல்லாம் இவரிடம் ட்யூஷன் சேர வேண்டும் என்றான் இன்னொருவன். காய் பேர்கூடத் தெரியாத ஆளை யார் உள்ளே விட்டது என்று அட்மின் பெஞ்சமின் கோபித்துக்கொண்டார்.

அவன் சிரிக்கவில்லை.

ராணியை மந்திரி என்று சொல்கிறவன் அந்தக் குழுவில் ஒருத்தன்தான்.

சாத்தூர் குதிரை.

குழுவில் வைத்துக்கொண்ட பேர் அது. சொந்தப் பேர் தெரியாது. முகம் தெரியாது. பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்குகிறவன் என்று மட்டும் தெரியும். ஒரு வருஷமாக இவனோடு மட்டும் தனியாகத் தினமும் ஆட்டம், தினமும் சண்டை. இவன் சிசிலியன் டிஃபென்ஸ் ஆடினால் பயந்தாங்கொள்ளி என்பான். தான் தோற்றால் நெட் போச்சு என்பான்.

போன வாரம் சாத்தூர்ப் பக்கம் ஒரு ஷெட் வெடித்தது.

டிவியில் செத்தவர்கள் பேர் ஓடியபோது அவன் லேத்தை நிறுத்திவிட்டு நின்று பார்த்தான். எந்தப் பேரைத் தேடுவது? குதிரை என்றா போடுவார்கள்?

தனியாக அனுப்பிய மெசேஜெல்லாம் ஒற்றை டிக்கோடு கிடந்தன. குழுவில் அன்றைக்கும் பழைய உலகச் சாம்பியன்களில் தாலா பிஷரா, யார் பெரிய ஆட்டக்காரர் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது விரல் கிரீஸைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அந்தப் புது எண்ணுக்கு அடித்தான்.

'குதிரையா?'

பதில் வருவதற்குள் டீ ஆறிப்போனது.

'பின்ன யானையா? பழைய போன் கரியாப் போச்சுப்பா.'

அவன் பட்டறைச் சுவரில் அப்படியே சாய்ந்தான். தனியாக என்னடா சிரிப்பு என்று முதலாளி உள்ளேயிருந்து கேட்டார். ஒன்றுமில்லை என்றான். கண்ணைத் துடைத்ததில் கிரீஸ் கன்னத்தில் ஏறியது.

எப்படி இருக்கிறாய் என்று அடித்தான். அழித்தான். ஒரு ஆட்டம் போடலாமா என்று கேட்டான்.

'போடலாம். இனிமே இடது கைதான். மெதுவாத்தான் வரும்.'

அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

பிறகு செஸ் ஆப்பைத் திறந்தான். எப்போதும் ஆடும் மூன்று நிமிஷ ஆட்டத்தின் மேல் விரல் நின்றது. தள்ளிக்கொண்டே கீழே போய், நேரக் கணக்கு இல்லாத ஆட்டத்தைத் தொட்டான்.

'என்னப்பா, கடிகாரத்தக் காணோம்?'

'எனக்கு இங்க வேலை கெடக்கு. நீ ஆடு.'