லிட்டருக்குப் பத்து

"லிட்டருக்குப் பத்து வந்திருக்கு," என்றார் முத்துராமன்.

ஆண்டிச்சாமிக்கு முகம் மலர்ந்தது. "அப்படியாண்ணே?"

"அப்படின்னா, இத்தனை நாளா நீ டீசல் திருடியிருக்கே."

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

பொன்னமராவதியில் பந்தல், மேடை, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர் முத்துராமன். சாமான் ஏற்ற ஒரு டீசல் பிக்கப். அதன் பின்னால் மாட்டி இழுக்க ஒரு பெரிய ட்ரெய்லர். ஆறு வருடமாக ஆண்டிச்சாமிதான் டிரைவர்.

ட்ரெய்லர் போன வருடம் வாங்கியது. அதை மாட்டினால் வண்டி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் போகும். அதைப் பற்றி முத்துராமனும் ஒன்றும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ, "என் பிக்கப் பதிமூணு குடுக்குது," என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது வினை.

"அவுக வண்டி தனியாப் போகுதுண்ணே. நாம பின்னாடி ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டுப் போறோம். அம்புட்டு உசரத்துக்குக் காத்து வேற தள்ளுது."

"பதிமூணு வேணாம். பத்து வரணும். ஒரு மாசம் பார்ப்பேன். வரலேன்னா வேற எடம் பார்த்துக்க."

ட்ரிப் கிளம்பும்போது டேங்க் நிறைய டீசல் போடுவார்கள். சாயங்காலம் திரும்பி வந்து ஆண்டிச்சாமி வண்டியை முதலாளி வீட்டில் நிறுத்திவிட்டுப் போவான். மறுநாள் காலையில் மறுபடி டேங்கை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, அத்தனை செலவு. முத்துராமனே பங்க் வரைக்கும் கூட வந்து நின்று பார்த்தார்.

ஆண்டிச்சாமி நாற்பதுக்கு மேல் மிதிக்கவில்லை. ஒரு டயர் விடாமல் காற்று பார்த்தான். அன்னவாசல் ட்ரிப்புக்கு ஒன்பது வந்தது. குடுமியான்மலைக்கு ஒன்பதரை. இன்றைக்குப் பத்து.

எப்படி வருகிறது என்று அவனுக்கே விளங்கவில்லை. வேலை தப்பித்ததே என்று இருந்தான்.

"மெதுவா ஓட்டினேண்ணே," என்றான் இப்போது.

"மெதுவா ஓட்டினா அரைக் கிலோமீட்டர் கூடும். மூணு எப்படிக் கூடும்? நான் நின்னு பார்க்க ஆரம்பிச்சதும் எப்படிக் கூடுச்சு?"

ஆண்டிச்சாமி நேரே மெக்கானிக் பெரியகருப்பனிடம் போனான். அவர் வண்டியைச் சுற்றி வந்து, ட்ரெய்லரை அண்ணாந்து பார்த்தார்.

"இதை மாட்டிக்கிட்டு எட்டு வந்தாலே பெருசு. பத்துன்னா ஒண்ணு மீட்டர் பொய் சொல்லணும், இல்லே நீ பொய் சொல்லணும்."

மீட்டரைச் சோதித்தார். மீட்டர் சரியாக இருந்தது.

வீட்டில் மூக்காயி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கடைத்தெரு வரைக்கும் பேச்சு வந்துவிட்டது போலிருக்கிறது.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. எடுத்தீகளா?"

கட்டின பெண்டாட்டியே கேட்டுவிட்டாள். அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். தனக்குத் தெரியாமல் தானே ஏதும் செய்துவிட்டோமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தான்.

மறுநாள் காலையில் போய், வண்டிச் சாவியை முத்துராமனின் மேஜை மேல் வைத்தான்.

"நான் எடுக்கலைண்ணே. ஆனா பத்து எப்படி வந்துச்சுன்னும் எனக்குச் சொல்லத் தெரியலை. நான் வாரேன்."

முத்துராமனுக்கு இப்போது குழப்பமாகிவிட்டது. திருடினவன் என்றால் சண்டைக்கு வருவான். இல்லையென்றால் காலில் விழுவான். இவன் இரண்டும் செய்யாமல் நிற்கிறானே.

காபி கொண்டுவந்த அவர் மனைவி செவந்தி, சாவியைப் பார்த்தாள்.

"என்னங்க இது? பத்து வந்தா வேலையில இருக்கட்டும்னுதானே சொன்னீங்க? அதான் வந்துருச்சுல்ல?"

"வந்ததுதான் வெனை. ஏழு குடுத்த வண்டி திடீர்னு பத்து குடுக்குதுன்னா, முந்தி மிச்ச டீசல் எங்க போச்சு?"

செவந்தி டம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

"ட்ரிப்புக்கு ரெண்டு லிட்டர், மூணு லிட்டர்தாங்க," என்றாள்.

"எது?"

"ஜெனரேட்டருக்கு வாங்கி வச்சிருக்கீங்கல்ல, அந்த டீசல். தம்பி வண்டிய விட்டுட்டுப் போனதும், நான்தான் எடுத்து டேங்க்குல ஊத்தினேன். மறுநா கொஞ்சமாப் பிடிக்கும், வேலைக்கு மோசம் வராதுன்னு பார்த்தேன். அது இப்படித் திரும்பும்னு நெனைக்கலை."

முத்துராமன் சாவியை எடுத்து ஆண்டிச்சாமி பக்கம் நீட்டினார். அவன் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஆண்டிச்சாமி சாவியை வாங்காமல் செவந்தியையே பார்த்தான்.

"ஒரு மாசமா மண்டை காஞ்சு போயிட்டேன் அண்ணி. எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, ஊத்த விட்டிருக்க மாட்டியே தம்பி."