மெர்வினின் பரம ரகசியம்

மெர்வின் வேண்டுமென்றே கயாக் படகை ஆற்றின் எதிர்ப்போக்கில் திருப்பினார்.

"எங்கய்யா அந்தப் பக்கம்? மீனெல்லாம் கீழதானே இருக்கு!" என்று கத்தினார் சக போட்டியாளர் கர்ட்.

"தோள்பட்டை வலி. மேல போய்ச் சும்மா மிதந்துட்டு வர்றேன்."

தோள்பட்டை வலிக்காரன் சஸ்குவஹானா ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுவானா என்று ஒருவரும் கேட்கவில்லை. சரியான ஏமாளிகள் என்று மெர்வின் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"நில்லு மெர்வின்!" மீன்பிடிப் போட்டியை நடத்தும் வெர்னா முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து ஒரு மருந்துக் குழாயை நீட்டினாள். "வச்சுக்கோ. பூச்சி பொட்டு கடிச்சா தடவலாம்."

மெர்வின் அதைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

ஆறு வருடப் போட்டிகளில் வெறுங்கையோடு திரும்பி, கர்ட்டின் கிண்டலைக் காபியோடு விழுங்கியவர் அவர். அதன்பின்தான் மீன் மாட்டும் அந்தப் பாறை கிடைத்தது. எட்டு வருடமாக மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. தெரிந்தால் அடுத்த வருடம் பத்து கயாக்குகளும் அங்கேதான் நிற்கும், அவர் பாடு பழையபடி காபிதான்.

ஆற்றின் நடுவிலிருந்த தீவுக்குப் பின்னால் பதுங்கியிருந்து, எல்லாரும் கண்ணுக்கு மறைந்த பிறகு எதிர்க்கரைப் பாறைக்குப் போனார். மூன்றாவது வீச்சிலேயே தூண்டில் வளைந்தது. கயாக் ஒரு சுற்றுச் சுற்றியது. ஸ்மால்மவுத் பாஸ் மீன், ராட்சசன்! தூக்கும்போது குளவி ஒன்று காதில் கொட்டியது. உயிர் போனாலும் மீனை விடவில்லை.

அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, போட்டி அட்டையைப் பக்கத்தில் வைத்தார். இடத்தைக் காட்டிக்கொடுக்கும் இலை, கல் எதுவும் படத்தில் விழாதபடி மழைக்கோட்டைச் சுற்றிலும் விரித்தார். போட்டிக்குப் படமே போதும் என்பதால், எடுத்ததும் மீனை ஆற்றிலேயே விட்டார். பிறகுதான் காதுக்கு மருந்து.

"இருபது அங்குலம்! கோப்பை மெர்வினுக்கு!" எல்லாரும் திரும்பியதும் படத்தைப் பார்த்து வெர்னா அறிவிக்க, கரையே கைதட்டியது.

எங்கே பிடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மெர்வினுக்கு அதில் சின்ன வருத்தம். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பொய் வீணாகிவிட்டது.

வெர்னா அவர் காதைப் பார்த்தாள். "அந்தச் சாஞ்ச மரத்துல குளவிக்கூடு இன்னும் இருக்கா?"

குடித்துக்கொண்டிருந்த காபி மெர்வினுக்குப் புரையேறியது. "எ... எந்த மரம்?"

"உன் பாறைக்கு மேல நிக்குதே, அதான். எட்டு வருஷமா எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா ஒருத்தரும் அங்க வரல?"

கர்ட் வெற்றிக் கோப்பையைச் சட்டையில் துடைத்து அவர் கையில் வைத்தார்.

"வேற எங்கயும் உனக்கு மீனே மாட்டாதேய்யா!"